காலம் நான்காவது பரிமாணமா? இக்பாலின் மதராஸ் உரையை முன்வைத்து

காலத்தைப் பற்றி நம்மவர்கள் தமிழில் எழுதினாலும் சரி, பயான் செய்தாலும் சரி, முதலில் ஐன்ஸ்டைன் வருவார், அடுத்து குகைவாசிகள் வருவார்கள். "பாத்தீங்களா, விஞ்ஞானம் இப்பதான் கண்டுபிடிச்சத அல்குர்ஆன் அப்பவே சொல்லிட்டுது" என்று பேச்சு முடியும். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற பிள்ளை இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்?

சார்புக் கோட்பாட்டின்படி ஒரு கடிகாரம் இன்னொன்றை விட மெதுவாக ஓட வேண்டுமானால், அது மிக வேகமாக நகர வேண்டும், அல்லது ஈர்ப்பு கூடிய இடத்தில் இருக்க வேண்டும். ஜி.பி.எஸ். செய்மதிகளின் கடிகாரங்கள் வேகத்தின் காரணமாக நாளொன்றுக்குச் சுமார் 7 மைக்ரோ செக்கன் பிந்துகின்றன. உயரத்தின் காரணமாகச் சுமார் 45 மைக்ரோ செக்கன் முந்துகின்றன. ஸூறா கஹ்ஃபின் குகை எங்கும் பறக்கவில்லை. சூரியன் உதிக்கையில் அதன் வலப்புறமாகச் சாய்வதையும், மறைகையில் இடப்புறமாகக் கடப்பதையும் அதே ஸூறா சொல்கிறது. உள்ளேயும் வெளியேயும் ஒரே காலம்தான் ஓடியது. 309 வருடங்கள் பேசப்படுகின்றன. எழுந்தவர்களோ ஒரு நாள், அல்லது அதிலும் குறைவு என்கிறார்கள். கழிந்த காலத்துக்கும் உணர்ந்த காலத்துக்கும் இடையிலான தூரம் இது. ஐன்ஸ்டைனின் கேள்வி வேறு. பொருந்தாத சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்தினால், பிள்ளை சாட்சியை மட்டுமா சந்தேகிக்கும்?

இந்த இரண்டு காலங்களையும் பிரித்துப் பார்க்கச் சொன்னவர் அல்லாமா இக்பால். அதுவும் தமிழர் ஊரில்! 1929 ஜனவரியில் அன்றைய மதராஸில் அவர் ஆங்கிலத்தில் நிகழ்த்திய மூன்று உரைகள், பின்பு வேறு மூன்றுடன் சேர்ந்து 1930இல் நூலாயின. அதன் இரண்டாவது உரையில் ஐன்ஸ்டைனை மதிப்போடு வரவேற்றுவிட்டு ஒரு கேள்வி போடுகிறார்: காலம் நான்காவது பரிமாணம் என்றால், எதிர்காலமும் இறந்தகாலம் போல ஏற்கெனவே கிடக்கிறது என்றாகிவிடாதா? அப்படியென்றால் எதுவும் நிகழ்வதில்லை, நாம்தான் போய்ச் சந்திக்கிறோம். படைப்பு எங்கே, மனிதனின் தெரிவு எங்கே? இக்கோட்பாடு காலத்தின் சில பண்புகளையே எடுத்துக்கொள்கிறது, நாம் வாழ்ந்து உணரும் காலம் அதற்குள் அடங்காது என்பது அவர் வாதம். பெர்க்ஸனிடம் நிறையக் கடன் வாங்கியிருக்கிறார். ஆனால் வாங்கியதை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை, காலத்துக்கு நோக்கம் உண்டா என்பதில் அவரோடும் மோதுகிறார். நமது மேடைகளில் இக்பாலின் கவிதைக்குக் கிடைக்கும் கைதட்டலில் கால்வாசி கூட இந்த உரைக்குக் கிடைப்பதில்லை.

கேள்வி சரி. ஆனால் இக்பாலின் வாசிப்பில் எனக்கு உடன்பாடில்லாத ஓர் இடம் உண்டு. 1908இல் மின்கோவ்ஸ்கி காலத்தையும் இடத்தையும் ஒன்றாக்கியபோது, காலத்துக்கு இடத்தின் எதிர்க்குறியைக் கொடுத்தார். நீளம், அகலம், உயரம் போல இன்னொரு நீளமல்ல அது. ஒரு நிகழ்வு மற்றொன்றைப் பாதிக்க இயலுமானால், எது முன், எது பின் என்பதில் எல்லாப் பார்வையாளரும் ஒன்றுபடுவார்கள். ஒளியே எட்ட முடியாத அளவு விலகி நிற்கும் நிகழ்வுகளுக்கு மட்டுமே வரிசை மாறலாம். 'எதிர்காலம் ஏற்கெனவே கிடக்கிறது' என்பது சமன்பாட்டிலிருந்து கட்டாயமாக வருவதல்ல. அதன் மேல் சிலர் வைத்த விளக்கம். இக்பால் அந்த விளக்கத்தையே கோட்பாடாக எடுத்துக்கொண்டு மறுக்கிறார்.

இதே வாய்க்கால் சண்டை நமக்குள் முன்பே நடந்திருக்கிறது. 1095இல் இமாம் கஸ்ஸாலி தஹாஃபுத்தில் கேட்டார்: உலகின் எல்லைக்கு மேலே ஒரு 'மேல்' இல்லை என்று ஒப்புகிறீர்களே, அது படைக்கப்படுமுன் ஒரு 'முன்' இல்லை என்பதை ஏன் ஒப்ப மாட்டீர்கள்? இரண்டும் கற்பனையின் பழக்கதோஷம்தானே. சுமார் 85 வருடம் கழித்து இப்னு ருஷ்த் மறித்தார்: இடத்தின் பகுதிகள் ஒருசேரக் கிடப்பவை, காலத்தின் பகுதிகள் அப்படிக் கிடப்பதில்லை, ஒன்றை வைத்து மற்றதை அளக்காதீர்கள். (உடனே, இப்னு ருஷ்த் மின்கோவ்ஸ்கியை முந்திவிட்டார் என்று யாரும் நோட்டீஸ் அடித்துவிட வேண்டாம்.) அந்த மறுப்பு கையில் இருந்திருந்தால் மதராஸில் இக்பாலுக்கு பெர்க்ஸனின் துணை இவ்வளவு தேவைப்பட்டிருக்குமா என்பது என் ஐயம்.