தொடாமல் தடுப்பவள்

நெட்பால் பார்க்க உட்காருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, பந்தைப் பார்க்காதீர்கள் என்றுதான். வளையத்துக்கு அடியில் நிற்கிற கோல் கீப்பரைப் பாருங்கள். ஒரு கால்மணி நேரம் கண்ணை அவள்மேலேயே வைத்திருந்தால் போதும், கோல் விழுவது இரண்டாம்பட்சமாகிவிடும்.

நமக்குத் தடுப்பு என்றால் கபடிதான். பாடி வருகிறவனின் கணுக்காலைக் கவ்வி மண்ணில் சாய்ப்பது. நெட்பாலில் எதிராளியை இடித்து அவள் ஆட்டத்தைக் குலைத்தால் விசில். பந்தை வைத்திருப்பவளின் காலுக்கும் தடுப்பவளின் காலுக்கும் இடையில் மூன்றடி, அதாவது 0.9 மீட்டர், இருந்தாக வேண்டும். அதற்கு இப்பால் நின்றுகொண்டு கையை நீட்டலாம், அவ்வளவுதான். தவறு செய்தால் வரும் தண்டனை விசித்திரமானது. எதிராளி பந்தை எறிந்து முடிக்கும்வரை அவள் பக்கத்திலேயே சும்மா நிற்க வேண்டும். தடுக்க வந்தவளுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

இவ்வளவு கட்டுக்குள் ஒரு சலுகையும் உண்டு. பந்தைப் பிடித்தவள் அதோடு ஓட முடியாது, மூன்று விநாடிக்குமேல் வைத்திருக்கவும் முடியாது. கோல் போடும் உரிமை இரண்டே பேருக்குத்தான், அதுவும் 4.9 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டத்துக்குள் நின்று. வளையம் 3.05 மீட்டர் உயரத்தில். கூடைப்பந்துபோலப் பின்னால் பலகை இல்லாததால் குறி துல்லியமாக இருக்க வேண்டும், அதற்கு மனம் அமைதியாக இருக்க வேண்டும். அந்த அமைதியைத்தான் தடுப்பவள் குறிவைக்கிறாள். மூன்றடி பின்வாங்கி, ஒற்றைக்காலில் எழும்பி, உடம்பை வில்லாக முன்னே வளைத்து, விரல்நுனியைப் பந்துக்கு நேரே கொண்டுபோய் நிறுத்துகிறாள். கொஞ்சம் அதிகம் சாய்ந்தால் கால் முன்னே விழுந்து ஃபவுல் ஆகிவிடும். சாயாவிட்டால் கோல். அந்த நிலையில் ஒரு நல்ல ஆட்டக்காரி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு நான் வேறெதுவும் விளக்க வேண்டியதில்லை.

இதை எனக்குப் புரியவைத்தவர் இங்கிலாந்தின் ஜீவா மென்டர். 1984இல் பிறந்தவர், பதினாறு வயதில் நாட்டுக்காக ஆடத் தொடங்கினார். சிறு வயதில் டிராம்போலின் பழகியவர் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு, அவர் காற்றில் இருக்கும்போது உடம்பை அடக்கியாளும் விதம் எனக்கு விளங்கியது. மேலே எழுவதைப் பலரும் செய்வார்கள். எழுந்த இடத்திலேயே, யார்மேலும் படாமல் இறங்குவதுதான் அரிது. ஆறு உலகக் கோப்பை, ஆறு காமன்வெல்த் போட்டி என்று இருபது ஆண்டுக்குமேல் அவர் நிலைத்ததற்கு இந்த அடக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் இறுதி ஆட்டம் தனிக்கதை. இங்கிலாந்து அதுவரை காமன்வெல்த் இறுதிக்கே வந்ததில்லை. எதிரே ஆஸ்திரேலியா. அதன் கேப்டனும் கோல் ஷூட்டருமான கேட்லின் பேசட், சன்ஷைன் கோஸ்ட் லைட்னிங் கிளப்பில் மென்டரின் சக ஆட்டக்காரி. அந்தக் கிளப் 2017இல் பட்டம் வென்றபோது மென்டர்தான் தலைவி. ஒரே அணியில் பழகியதால் ஒருத்தியின் அசைவு மற்றவளுக்கு மனப்பாடம். கடைசி நொடியில் ஹெலன் ஹவுஸ்பி போட்ட கோலில் 52–51 என்று இங்கிலாந்து தங்கம் வென்றது. பேர் ஹவுஸ்பிக்குப் போனது, போகட்டும். மறுமுனையில் வளையத்தடியில் நடந்ததை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் கைப்பேசிச் சிக்னல் இருக்கிற இடத்தைத் தேடிப் போய்த்தான்!

மென்டரின் பெரிய வேலை கணக்கிலேயே ஏறாது. ஷூட்டர் வந்து நிற்க நினைக்கும் இடத்தில் முன்கூட்டியே போய் நின்றுவிடுவார். பந்து எறிய வேண்டியவள் தயங்குவாள், மூன்று விநாடி கரையும், அவசரமாக எங்கோ எறிவாள், அதை வேறொருத்தி பறிப்பாள். பறித்தவள் பேரில்தான் புள்ளிவிவரம் எழுதப்படும்.

அவரோடு லைட்னிங்கில் ஆடிய தென்னாப்பிரிக்காவின் கார்லா பிரிட்டோரியஸ் வேறு ரகம். அத்தனை உயரமில்லை. கொஞ்சம் விலகி நின்று, பாதை திறந்திருப்பதாக எதிராளியை நம்பவைத்து, பந்து கையை விட்டதும் பாய்ந்து எடுப்பார். 2019 லிவர்பூல் உலகக் கோப்பையில் தொடரின் சிறந்த ஆட்டக்காரி அவர்தான். பரபரப்புக்கு பிரிட்டோரியஸ். ஆனாலும் என் ஓட்டு மென்டருக்கே.

அதே உலகக் கோப்பையில் 348 கோல் போட்டு முதலிடத்தில் இருந்தவர் யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனின் தர்ஜினி சிவலிங்கம். இலங்கை அணி 15ஆம் இடம்தான். தர்ஜினியின் உயரம் 2.08 மீட்டர். தமிழர்கள் அவருக்காகக் கை தட்டினோம், நியாயம்தான். எனக்கோ அவரைத் தடுக்க வந்தவர்கள்மேலும் ஒரு கண். தலைக்குமேல் வந்துவிட்ட பந்துக்கு எம்பிப் பயனில்லை. ஆகவே சண்டை வளையத்தடியில் இல்லை, அரைவட்டத்தின் விளிம்பில்; பந்தை அனுப்புகிறவளின் கையை மறைப்பதில். உயரமான ஷூட்டர் ஒருத்தி, தன்னை எதிர்க்கும் அணி முழுவதையும் வேறுவிதமாக யோசிக்கவைக்கிறாள்.

மென்டர் 2023 கேப்டவுன் உலகக் கோப்பையோடு இங்கிலாந்துச் சட்டையைக் கழற்றினார். இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் 61–45 என்று தோல்வி. ஆனாலும் இங்கிலாந்து உலகக் கோப்பை இறுதிக்கு வந்ததே அதுதான் முதல்முறை.

ஜவ்வாது மலைப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். மலையில் சமதளம் கிடைப்பது கஷ்டம்; நெட்பாலுக்கு 30.5 மீட்டர் நீளமும் 15.25 மீட்டர் அகலமும் போதும். இரண்டு கம்பத்தையும் வளையத்தையும் வெல்டிங் பட்டறையில் செய்துவிடலாம். அணி சேர்க்கும்போது கோல் போடுகிறவளை அப்புறம் தேடுங்கள். பொறுமையும் நல்ல காலும் உள்ள ஒரு பெண்ணை முதலில் வளையத்தடியில் நிறுத்துங்கள்.