உழைப்பாளர் சிலை: காவிரிப் படுகையிலிருந்து ஒரு நோக்கு

சென்னைக் கடற்கரையில் 1959ஆம் ஆண்டு, குடியரசு நாளுக்கு முன்னாளில் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலையை அறியாத தமிழர் அரியர். சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராய் நெடுங்காலம் பணியாற்றிய தேவி பிரசாத் ராய் சௌத்ரி இதனை வெண்கலத்தில் வடித்தார். நால்வர் ஒரு பாறையைப் பெயர்க்க முயலுகின்றனர். வளைந்த முதுகும் இறுகிய தசையும் பிரெஞ்சுச் சிற்பி ரோடினை நினைவூட்டும்.

'உழைப்பின் வெற்றி' என்று பொருள்பட ஆங்கிலத்தில் இதற்குப் பெயரிட்டனர். ஆனால் பாறை பெயர்ந்துவிட்டதா? வெண்கலம் முயற்சியை மட்டுமே காட்டுகிறது. மக்களோ வெற்றி என்னும் சொல்லை விட்டு, 'உழைப்பாளர் சிலை' என்றே வழங்குகின்றனர். பெயரிட்டோரைக் காட்டிலும் அவர்களே சிற்பத்தைச் சரியாய்ப் படித்தனர் என்பது நம் கருத்து.

எனினும் தஞ்சை நாட்டினின்று நோக்குமிடத்து நமக்கு ஒரு குறை தோன்றுகிறது. இத்தொகுதியில் பெண் இல்லை. காவிரிப் படுகையில் சேற்றில் குனிந்து நாற்று நடுவோர் பெண்களே. அவர்கள் வரிசையாய் நின்று, நட்டுக்கொண்டே பின்னோக்கி நகருகின்றனர். அங்கே முதுகு வளைவது ஒரு கணத்திற்கன்று, ஒரு பகல் முழுமைக்கும். தசையின் முறுக்கை மட்டும் நம்பிய கலை இவ்வுழைப்பைக் காட்ட வல்லதன்று. அதற்கு வேறோர் உருவமைப்பு வேண்டும். நான்கு உருவங்களில் எல்லாரையும் அடக்க முடியுமோ என்று சிலர் வினவலாம். புதுதில்லியில் இதே சிற்பி அமைத்த தண்டி யாத்திரைத் தொகுதியில் பெண்களும் நடக்கின்றனரே!

தஞ்சையில் வெண்கலத்திற்கும் பஞ்சமில்லை, வார்ப்போருக்கும் பஞ்சமில்லை. சுவாமிமலைத் தபதியர் மெழுகில் உருச்செய்து, காவிரி வண்டலால் மூடி, இன்றும் வார்க்கின்றனர். அவ்வுலைகளினின்று பெரும்பாலும் தெய்வத் திருமேனிகளே வெளிவருகின்றன. பெரிய கோயிலின் மதிலுக்கு வெளியே இராசராசனுக்குச் சிலை உண்டு. (கோயிலுக்குள் வைக்க அனுமதி கிடைக்காமையால் 1972இல் அவன் வெளியே நிற்க நேர்ந்தது தனிக் கதை.) அவனுடைய களஞ்சியத்தை நிரப்பியவருக்குத் தஞ்சையின் நாற்சந்திகளில் எங்கே சிலை?

அன்று தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கீழவெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு, கூலியாய்ச் சிறிது நெல் கூடுதலாய்க் கேட்ட போராட்டத்தின் விளைவாக, ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மார்க்சிஸ்டு கட்சியினர் அங்கு நினைவுச் சின்னம் எழுப்பி, ஆண்டுதோறும் அந்நாளில் கூடுகின்றனர். கிறிஸ்து பிறந்த நாளின் ஆராதனையை முடித்து வீடு திரும்பும் நாம் அந்த 44 பேரில் எத்தனை பேரைப் பெயர் சொல்லி அறிவோம்?