சீரும் பங்கும்

திருச்சுழியில் ஒரு காதணி விழா. தட்டுத் தட்டாகச் சீர் வருகிறது. பழத்தட்டு, பட்டுத்தட்டு, பாத்திரத்தட்டு, கடைசியில் சங்கிலி வைத்த சிறு தட்டு. முன்னே மேளம், பின்னே மாமன். அந்த மாமன் நாமே! தமக்கையின் மகள் நம் மடியில் அமர்ந்து, ஊசியைக் கண்டு அழத் தொடங்கிய அதே வேளையில், ஒலிபெருக்கி அந்தப் பாட்டை எடுத்தது. எந்தப் பாட்டென்று இவ்வட்டாரத்தாருக்கு நாம் சொல்லவும் வேண்டுமோ? 'பாசமலர்' படத்துத் தாலாட்டுத்தான்.

1961-ல் வெளிவந்த படம். பீம்சிங் இயக்கினார். சிவாசியார் அண்ணன், சாவித்திரி தங்கை. கண்ணதாசன் எழுத, விசுவநாதன்–இராமமூர்த்தி இசையமைக்க, சௌந்தரராசனும் சுசீலாவும் பாடினர். அண்ணன் ஒருபுறம், தங்கை ஒருபுறம், நடுவே பிரிவு. ஆனால் மெட்டு ஒன்று! பேச மறுத்த இருவர் பாட்டால் பேசிக்கொள்கிறார்கள். அந்த ஏற்பாட்டிலேதான் பாட்டின் உயிர் இருக்கிறது. ஆண் குரல் தாழ்ந்து, தழுதழுத்து, அழுகையின் விளிம்புவரை சென்று நின்றுவிடுகிறது. அழுவதைக் கேட்போரிடம் விட்டுவிடுகிறது. கேட்போரும் ஏமாற்றுவதில்லை, பந்தலில் பாதிப்பேர் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்கள். நம் கண்ணும் கலங்கியது. மறுப்பானேன்?

ஆனால், கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்கலாமல்லவா? இந்தப் பாட்டு குழந்தைக்குத் தரும் வாக்குறுதி என்ன? மாமன் வருவான், பொன்னும் பொருளும் கொண்டுவருவான், கொட்டிக் கொடுத்து மணம் பேசுவான். கொடுப்பவன் மாமன், பெறுபவள் தங்கை. கதையோ வேறுவிதம். வேலையிழந்து நின்ற அண்ணனிடம் தன் சேமிப்பைத் தந்து, தொழில் தொடங்கு என்று சொன்னவள் தங்கை. முதல் போட்டவள் அவள்! அவன் செல்வன் ஆனதே அதற்குப் பிறகு. பாட்டு வரும்போது அந்த முதல் எங்கே? மறைந்துவிட்டது. பங்காளியாக இருந்தவள், பரிசு பெறுபவளாகிவிட்டாள். படம் முடிகையில் இருவரும் சேர்ந்தே சாகிறார்கள். கண்ணீர் வெள்ளத்தில் கணக்கு மிதந்து போய்விடுகிறது.

கதைதானே என்பீர். எம் வீட்டுக் கதையையும் கேளுங்கள்.

எம் பாட்டனார் விட்டுச் சென்றது கண்மாய்க்கு மேற்கே கொஞ்சம் மானாவாரி நிலம். வானம் கண் திறந்தால் கம்பு, உளுந்து. பொய்த்தால் சீமைக் கருவேலம். வெட்டிக் கரிமூட்டம் போட்டுக் காசாக்குவார்கள். அந்தப் பொட்டலில் எவருக்குப் பங்கு என்று எவரும் எண்ணியதில்லை. எண்ண அதில் என்ன இருந்தது? பக்கத்துக் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. அதன் பின்னர் எங்கள் பக்கத்திலும் நிலத்தை விலைக்குக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். வந்தவர் முதலில் கேட்ட கேள்வி: "பொம்பளப் பிள்ளைக கையெழுத்துப் போடுவாகளா?"

அருப்புக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டு, தறிக்கு நூல் சுற்றிப் பிழைக்கும் எம் அத்தையார் பேருந்தில் வந்தார். எம் தமக்கையையும் அழைத்துச் சென்றார்கள். பதிவு அலுவலகத்தில் படம் எடுத்தார்கள். விரல் ரேகை பதித்தார்கள். பத்திரத்தின் பெயர் விடுதலைப் பத்திரம். யார் யாரிடமிருந்து விடுதலை பெற்றார்? பெயர் வைத்தவரின் நகைச்சுவையே நகைச்சுவை! வெளியே வந்ததும் வடையும் தேநீரும். மறுவாரம் அண்ணன்மார் எடுத்துத் தந்த பட்டுச்சேலை. அதற்குச் சீர் என்று பெயர் சொன்னார்கள். அத்தையார் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்த நிலம் விற்ற பணத்தில்தான் நாம் கலைக் கல்லூரியில் பட்டம் பெற்றோம். இதை எழுதும் கை, அந்தக் கைரேகையில் வளர்ந்த கை.

சட்டம் இல்லையோ என்று ஐயுறாதீர். 1929-ல் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு, ஆணுக்குள்ள சொத்துரிமை பெண்ணுக்கும் வேண்டுமெனத் தீர்மானித்தது. தீர்மானம் சட்டமாகத் தமிழகத்தில் அறுபதாண்டு ஆயிற்று. 1989 மார்ச் 25-க்கு முன் மணமாகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு வந்தது. 2005-ல் நாடு முழுமைக்கும் வந்தது. மணமான பெண், மணமாகாத பெண் என்ற வேறுபாடும் ஒழிந்தது. 2020-ல் உச்சநீதிமன்றம், இது பிறப்பால் வரும் உரிமை, 2005-ல் தந்தை உயிரோடு இருந்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை என்று தெளிவாக்கியது. எம் அத்தையார்க்கு மணமானது 1994-ல். பங்கு உண்டு. உண்டு என்பதால்தானே கையெழுத்துக் கேட்டார்கள்? இல்லாதவளிடம் எதை விடுவிப்பது?

ஏட்டில் ஏறிய உரிமை வீட்டில் ஏறாமல் நிற்கிறது. வழியை மறித்து நிற்பவை பல. அவற்றில் ஒன்று இந்தப் பாட்டு என்பது நம் குற்றச்சாட்டு. பங்கைக் கேட்கும் தங்கை பாசத்தைக் கெடுத்தவள் ஆகிவிடுகிறாள். அப்பட்டம் யாருக்கு வேண்டும்? கொடுத்த சீரைப் புகழ நூறு மெட்டு உண்டு. கேட்ட பங்குக்கு ஒரு மெட்டு உண்டா?

உண்டு, திரைக்கு வெளியே உண்டு. எங்கள் சிற்றூர்ப் பெண்களிடம் இருவகைப் பாட்டு இருக்கிறது. தாலாட்டிலே மாமன் வெள்ளிச் சங்கும் பொற்சிலம்பும் கொண்டு வருவான். ஒப்பாரியிலே பெண்ணின் குரல் வேறு. பெற்றவர் பிணத்தின் முன் அமர்ந்து, இனி இந்த வாசலில் தனக்கு இடமில்லை, அண்ணன் மனைவி முகம் கொடுக்கமாட்டாள், பிறந்த வீடு பிறத்தியார் வீடாயிற்று என்று வரிசையாக எண்ணுவாள். கல்வியறியாத கிழவியர் கட்டிய கணக்கு அது, பிசகில்லாத கணக்கு. திரைப்படம் தாலாட்டை எடுத்துக்கொண்டது, ஒப்பாரியை எழவு வீட்டிலேயே விட்டுவிட்டது.

இங்கே மற்றொரு பாட்டையும் நினைக்கிறோம். 1958-ல் வந்த 'நாடோடி மன்னன்' படத்தில், சௌந்தரராசனும் பானுமதியும் பாடிய உழவர் பாட்டு. எழுதியவர் பட்டுக்கோட்டையார், இருபத்தொன்பது வயதில் 1959-ல் மறைந்தவர். விளைந்ததில் உழைத்த நமக்கு என்ன மிஞ்சியது என்று அதில் கேட்பவள் பெண். மச்சான் ஆறுதல் சொல்கிறான். அவள் விடாது கேட்கிறாள். மூன்றாண்டு இடைவெளியில் இரு பெண்கள்: ஒருத்தி கணக்குக் கேட்கிறாள், ஒருத்தி கண்ணீர் விடுகிறாள். ஆனால் உழவர் பாட்டுப் பெண்ணும் கேட்டது பண்ணையாரை நோக்கித்தான். தன் அண்ணனை நோக்கிக் கேட்டிருந்தால் படத்தில் அந்தப் பாட்டுக்கு இடம் கிடைத்திருக்குமோ, என்னவோ! காதணி விழாக்களில் இதை எவரும் போடக் காணோம்.

நம் வகுப்பில் ஒருநாள், வீட்டு நிலமோ மனையோ தாயார் பெயரில் இருக்கிறவர்கள் கையுயர்த்துங்கள் என்றோம். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, "சார், ரேஷன் கார்டு அம்மா பேர்ல இருக்கு" என்றாள்.

விழாவுக்கு வருவோம். காது குத்தி முடிந்தது. குழந்தை கையில் மிட்டாயோடு ஓடிவிட்டது. ஒலிபெருக்கிக்காரர் என்ன நினைத்தாரோ, அதே பாட்டை மீண்டும் வைத்தார். அத்தையார் அந்தப் பழைய பட்டுச்சேலையில் வந்திருந்தார். அருகில் சென்று அமர்ந்தோம்.

"அத்தை, அந்த நிலத்துப் பணத்துல உங்களுக்கு எவ்வளவு வரணும், அக்காவுக்கு எவ்வளவு வரணும்னு கணக்குப் போட்டு வச்சிருக்கேன். என் சம்பளத்துல மாசா மாசம் கொடுத்துடலாம்னு இருக்கேன்."

வேண்டாம் என்பார், அழுவார், எம்மைத் தழுவிக்கொள்வார் என எதிர்பார்த்தோம். நாமும் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்தாமே! அத்தையார் சற்று நேரம் எம்மையே பார்த்தார்.

"எவ்வளவு வருது மருமகனே?"

தாளை எடுத்து நீட்டினோம். கண்ணாடி கொண்டுவரவில்லை, படி என்றார். ஒலிபெருக்கி தலைக்கு நேரே இருந்ததால் இரண்டுமுறை உரக்கப் படிக்க வேண்டியதாயிற்று. மூன்றாவது நாற்காலியில் எம் தந்தையார் அமர்ந்திருந்தார்.