யுக்திகல்பதரு: கப்பலும் இரும்பும்

யுக்திகல்பதரு தாராவை ஆண்ட பரமார மன்னர் போஜரின் பெயரில் வழங்கும் சமஸ்கிருத நூல். பொ.யு. 11-ம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. கப்பல்களின் வகை, அளவு, மரத்தேர்வு ஆகியவற்றைப் பேசும் பகுதி இதில் உள்ளது. கடலோடும் கப்பலின் அடிப்பலகைகளை இரும்பால் பிணைக்கக் கூடாது, காந்தப் பாறைகள் அதை இழுத்துவிடும் என்று அப்பகுதி கூறுகிறது. ராதாகுமுத் முகர்ஜியின் 'இந்தியன் ஷிப்பிங்' (1912) நூல் வழியாக இக்கூற்று பரவலாக அறியப்பட்டது.

இருவகை வாசிப்பு

முன்னோர் காந்தவியலை அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்றாக இவ்வரி மேற்கோள் காட்டப்படுவதுண்டு. வெறும் மூடநம்பிக்கை எனத் தள்ளுவோரும் உண்டு. இரு தரப்பும் பாறையைப் பற்றியே விவாதிக்கின்றன. கப்பலைக் கட்டியவரும் பழுதுபார்த்தவரும் அந்த விவாதத்தில் இல்லை.

காந்தப் பாறைக் கதை போஜருக்கு மிக முந்தையது. பொ.யு. 2-ம் நூற்றாண்டில் தாலமி கீழைக்கடல் தீவுகளைப் பற்றி இதையே எழுதினார். 6-ம் நூற்றாண்டில் புரோகோபியஸ் அதை மறுத்தார். இந்தியக் கப்பல்கள் கயிற்றால் தைக்கப்படுவது காந்தத்துக்கு அஞ்சி அல்ல, அங்கே இரும்பு இல்லாததால்தான் என்றார்.

மறுப்பு சரி, அவர் சொன்ன காரணம் தவறு. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் பொ.யு.மு. காலத்திலேயே இரும்பு உருக்கப்பட்டதற்கும் எஃகு செய்யப்பட்டதற்கும் அகழாய்வுச் சான்றுகள் கிடைத்துள்ளன. கொங்கு நாட்டில் இரும்பு இருந்தது. சோழமண்டலக் கரையின் படகுகள் அதன் பின்னும் பல நூற்றாண்டுகள் கயிற்றால்தான் தைக்கப்பட்டன. மறுபுறம், கேரளத்தின் தைக்கல் கடக்கரப்பள்ளியில் கிடைத்த இடைக்காலக் கப்பலில் இரும்பாணிகள் உள்ளன. ஆகவே நூல் விதித்த தடை எல்லாக் கரைகளிலும் பின்பற்றப்படவில்லை.

தையலின் தர்க்கம்

சென்னையில் துறைமுகம் கட்டப்படும் முன்பு கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்தவை மசூலா படகுகள். அவற்றுக்கு உள்விலா கிடையாது. பலகைகள் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை தூக்கி மணலில் அறையும்போது படகு நெளிந்து கொடுக்கும். ஆணி அடித்த விறைப்பான படகில் அதே அடி இணைப்புகளைத் தாக்கும். உப்புநீரில் துருப்பிடிக்கும் ஆணி, தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். தைத்த படகில் கயிறு நைந்தால் அதை அறுத்து, பலகைகளைப் பிரித்து, புதுக்கயிற்றால் மீண்டும் தைக்கலாம். கயிறு திரிக்கவும் தைக்கவும் தெரிந்தவர்கள் அந்தக் கரையிலேயே இருந்தனர்.

யுக்திகல்பதருவின் இரும்புத் தடையை இந்தத் தொழிலறிவின் சிதைந்த எதிரொலியாக வாசிப்பதே பொருத்தமானது. கடற்கரையில் நிலவிய வழக்கம் கடலுக்கு வெகுதொலைவிலிருந்த அரசவையை விதியாக வந்தடைந்தது, காரணம் வழியிலேயே உதிர்ந்தது. அந்த இடத்தைக் காந்தப் பாறை நிரப்பியது.

இரும்புடல் பாய்க்கப்பல்

காந்தம் வேறொரு வகையில் கடலோடிகளுக்கு உண்மையான சிக்கலானது. இரும்புக் கப்பல்கள் வந்தபோது கப்பலின் உடலே திசைகாட்டியின் முள்ளைத் திருப்பியது. 1838-ல் ஜார்ஜ் ஏரி 'ரெயின்போ' என்ற இரும்புக் கப்பலில் சோதனை செய்து, திசைகாட்டியின் அருகே காந்தங்களையும் இரும்புத் துண்டுகளையும் வைத்து அப்பிழையைச் சரிசெய்யும் முறையை வகுத்தார்.

இன்றைய எஃகுப் பாய்க்கப்பலின் பகை துருதான். கப்பலைக் கரையேற்றி, மணல் பீய்ச்சிப் பழைய பெயிண்டை நீக்கி, தகட்டின் கனத்தை மீயொலிக் கருவியால் அளப்பார்கள். மெலிந்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் செய்வார்கள். ஒரே மூச்சில் வெல்டிங் செய்தால் தகடு கோணும் என்பதால் சிறுசிறு நீளங்களாக இடம் மாற்றி மாற்றிச் செய்வார்கள். நீருக்கடியில் பொருத்தப்படும் துத்தநாகக் கட்டிகள் எஃகுக்குப் பதிலாகத் தாம் அரிபட்டுக் கரையும், அவற்றை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

பிரெஞ்சு மாலுமி பெர்னார் முவாத்தெசியேயின் 'ஜோஷுவா' என்ற எஃகுப் பாய்ப்படகு 1962-ல் கடலோரமல்லாத ஷோஃபாய் என்ற ஊரில், கொதிகலன் செய்யும் ஒருவரின் பட்டறையில் உருவானது. 1982-ல் மெக்சிகோ கரையில் புயலில் ஒதுங்கியது. நசுங்கிய அப்படகை மீட்டு மீண்டும் மிதக்கவிட்டனர். இன்று அது பிரான்சின் லா ரோஷெல் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளது. இந்தியக் கடற்படையின் எஃகுப் பாய்க்கப்பலான 'தரங்கிணி' கோவா கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி 1997-ல் பணியில் சேர்ந்தது. 2003-04-ல் உலகைச் சுற்றிவந்தது. கயிற்றுத் தையலிலிருந்து மிக விலகிய இக்கலங்களும் அதே தர்க்கத்தில்தான் நிற்கின்றன: கெட்ட பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, கையிலிருக்கும் பொருளால் மீண்டும் இணைக்க முடிய வேண்டும்.

மதிப்பீடு

முகர்ஜி எடுத்துக்காட்டும் பகுதியில் கப்பல்களின் பெயர்ப்பட்டியல் உண்டு, நீள அகல விகிதங்கள் உண்டு. மரங்கள்கூட நான்கு வருணங்களாகப் பகுக்கப்படுகின்றன. ஆனால் ஒரு பலகை பிளந்தால் என்ன செய்வது என்பதற்கு விடையில்லை. அது வகைப்படுத்தும் நூல், தச்சரின் கையேடு அல்ல. அதைத் தொழில்நுட்பச் சான்றாக உயர்த்துவது, ஏட்டில் எழுதப்படாத தையற்காரரின் அறிவை மறைத்துவிடுகிறது.

அந்த அறிவின் மூலப்பொருள்கள் கடற்கரைக்கு மட்டும் உரியவை அல்ல. மடத்துக்குளம், உடுமலை வட்டாரத்தின் தென்னந்தோப்புகளை ஒட்டி இன்றும் கயிற்று நார் ஆலைகள் உள்ளன. மடத்துக்குளத்தை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலை அமைந்துள்ளது. எஃகுத் தகட்டை வெட்டி ஒட்டும் வெல்டர்கள் இல்லாமல் எந்தச் சர்க்கரை ஆலையின் கொதிகலனும் ஓடாது. இரும்பையும் கயிற்றையும் அன்றாடம் கையாளும் இத்தகைய ஊரின் தொழிலாளர் யுக்திகல்பதருவின் அவ்வரியை வாசித்தால், பாறை எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கு முன் துருவைப் பற்றித்தான் கேட்பார்.