கறுத்ததும் மஞ்சளும்

மார்த்தாண்டம் பக்கம் தேன்பெட்டி வைத்திருப்பவர்களிடம் இது என்ன தேனீ என்று கேட்டால், இந்தியத் தேனீ என்பார்கள். கறுப்பா மஞ்சளா என்று அடுத்து கேட்டால்தான் பேச்சு சூடு பிடிக்கும். என் மாமா பெட்டி வைத்திருந்தவர். ரப்பர் தளிர்க்கிற மாசி, பங்குனியில்தான் அவருக்கு வருமானம் (ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை, இளந்தளிரில் ஊறுவது). "கறுத்தது மலைச்சரக்கு மக்களே. கோவம் ஜாஸ்தி. மஞ்ச சொன்ன பேச்சு கேக்கும்" என்பார்.

2022-ல் 'என்டமான்' ஆய்விதழில் எஸ். ஷானஸ் குழுவினர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கறுத்த தேனீக்கு ஏபிஸ் கரிஞ்ஞொடியன் என்று பெயர் வைத்தார்கள். மலையாளத்தில் புழங்கிய பெயரையே லத்தீன் வரிசையில் உட்கார வைத்தது எனக்குப் பிடித்திருந்தது. பத்திரிகைகள் 'இருநூறு ஆண்டுகளுக்குப் பின் புதிய தேனீ' என்று எழுதிக் கடந்துவிட்டன. ஆனால் அந்தக் கட்டுரையின் துணிச்சலான பகுதி வேறு. 1798-ல் ஃபேப்ரிசியஸ் பெயரிட்ட ஏபிஸ் இண்டிகாவை வெகுகாலமாக ஏபிஸ் செரானாவின் உள்ளினமாகத்தான் வைத்திருந்தார்கள். இவர்கள் அதையும் தனி இனமாக எழுப்பி நிறுத்துகிறார்கள். ஆக, நாம் 'இந்தியத் தேனீ' என்று ஒரே சொல்லில் சொல்லிவந்தது ஒன்றல்ல என்கிறார்கள்.

இதை ஒரு வாசகனாகப் படித்தேன். பூச்சியியல் படித்தவன் இல்லை நான். ஆனால் பாடபேதம் பார்ப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் பழக்கமானது. ஒரே ஏட்டைப் பார்த்து எழுதிய நாலு பிரதிகள் ஒத்துப்போனால் அது நாலு சாட்சி ஆகாது, ஒரே சாட்சிதான். சாட்சிகள் வேறுவேறு வழியில் வந்து ஒரே இடத்தில் சேர வேண்டும். 2005-ல் டேராட் என்பவர் ஒருங்கிணைந்த வகைப்பாட்டியல் பற்றி எழுதியதும் ஏறக்குறைய இதைத்தான்.

நிறத்தை நம்ப முடியாது, ஒரே கூட்டுக்குள்ளேயே கூடும் குறையும். உடல் அளவும் உயரத்துக்கேற்ப மாறும். மலைத் தேனீ பெரிதாக இருப்பது புதிய செய்தியும் இல்லை. அதனால் கட்டுரை இறக்கைக்குப் போகிறது. நரம்புத் துண்டுகளின் நீளத்தை வைத்து ஒரு புதிய விகிதத்தை முன்வைக்கிறது. துண்டு நீளத்தைவிட விகிதம் மேல். பெரிய ஈ, சின்ன ஈ என்ற தொல்லை குறைகிறது. அடுத்த சாட்சி மைட்டோகாண்ட்ரியா மரபணு. இங்கேதான் எனக்கு இடறுகிறது. அது தாய்வழி மட்டுமே வருவது. ராணி பறந்துபோய்ப் பல ஆண் ஈக்களோடு கூடிவிட்டுத் திரும்புகிறாள். அந்தத் தகப்பன்கள் கறுப்பா மஞ்சளா என்று தாய்வழிச் சுவடி சொல்லவே சொல்லாது.

அதைச் சொல்லக்கூடிய சாட்சி நேரம். 1976-ல் இலங்கையில் கோனிகரும் விஜயகுணசேகரவும் மூன்று வகைத் தேனீக்களின் ஆண்கள் எப்போது வெளியே வருகின்றன என்று கவனித்தார்கள். கொம்புத் தேனீ உச்சிவேளையில், செரானா நாலரை மணி வாக்கில், மலைத்தேனீ அந்தி மயங்கும்போது. வானம் ஒன்று, முறை மூன்று! கலக்க வழியே இல்லை. தென்னிந்தியக் கறுப்பும் மஞ்சளும் கலப்பதில்லை என்பதற்குச் சான்று உண்டென்று ஓல்ட்ராய்டு குழுவினரும் 2006-ல் எழுதியிருக்கிறார்கள். என் கணக்கில் கரிஞ்ஞொடியனுக்குப் பெரிய பலம் இறக்கை விகிதத்தைவிட இந்தப் பக்கத்திலிருந்துதான் வர முடியும். கட்டுரையின் கேள்வியை முழுதாக ஏற்கிறேன். தீர்ப்பில் பாதிக்குத்தான் கையெழுத்துப் போடுவேன்.

இது வெறும் பெயர்ச் சண்டையும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் வைரஸ் வந்தபோது புழுக்கள் பைபோல உப்பிச் செத்தன. குமரி, கேரளப் பெட்டிகள் கூட்டம் கூட்டமாகக் காலியாயின. மாமாவும் எல்லோரையும்போல எங்கே கூட்டம் கிடைத்ததோ அங்கே வாங்கி நிரப்பினார். மலைக்கூட்டம் சமவெளிக்கு வந்தது, சமவெளிக்கூட்டம் மலைக்குப் போனது. ஒரே இனம் என்றால் அது வெறும் இடமாற்றம். இரண்டு இனம் என்றால், ஒன்றின் பெட்டியில் இன்னொன்றை வைத்துவிட்டு எண்ணிக்கை மீண்டுவிட்டதென்று நிம்மதி அடைந்திருக்கிறோம்.

போன மாதம் மாமாவிடம் கேட்டேன். "ஆண் ஈ எப்ப மாமா பறக்கும்?"

"சாயங்காலம், காப்பி குடிக்க நேரம்."

"கறுத்ததும் அதே நேரமா?"

கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத யாரு மக்களே பாத்தா?"