ஜெராக்ஸ் கோட்டை விட்டது உண்மைதானா?

நகல் எடுக்க வேண்டுமென்றால் "ஜெராக்ஸ் எடுத்து வா" என்றுதான் சொல்கிறோம். ஒரு நிறுவனத்தின் பெயரே செயலின் பெயராகிவிட்டது. அந்த அமெரிக்க நிறுவனத்தைப் பற்றி ஒரு கதை உண்டு, நீங்களும் கேட்டிருக்கலாம். "எதிர்காலக் கணிப்பொறியை அவர்களே கண்டுபிடித்தார்கள், அதன் அருமை தெரியாமல் கோட்டை விட்டார்கள்" என்பதே அது. இக்கதை பாதி உண்மை. பாதி உண்மையிலிருந்து கற்கும் பாடமும் அரைகுறையாகத்தான் இருக்கும்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 1959-இல் வெளிவந்த '914' என்னும் நகல் பொறியால் ஜெராக்ஸ் பெரும் செல்வம் ஈட்டியது. அச்செல்வத்தைக் கொண்டு 1970-இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் ஓர் ஆராய்ச்சி மையத்தை நிறுவியது. அங்கே 1973-இல் 'ஆல்டோ' என்னும் கணிப்பொறி உருவாயிற்று. படங்களைக் காட்டும் திரை, கையால் நகர்த்தும் 'மவுஸ்' ஆகியவை அதில் இருந்தன. கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கும் 'ஈதர்நெட்' முறையும் அங்கே பிறந்ததுதான். 1979 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸும் அவருடைய குழுவினரும் இவற்றை நேரில் கண்டனர். 1984-இல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் வெளிவந்தது. புகழ் அங்கே போய்ச் சேர்ந்தது.

"நிர்வாகிகள் அறிவிலிகள், விஞ்ஞானிகள் மேதைகள்" என்று கதை சொல்வோர் இத்துடன் முடித்துவிடுகிறார்கள். ஆனால் அதே மையத்தில் உருவான லேசர் அச்சுப்பொறியை அவர்கள் ஏன் மறந்துவிடுகிறார்கள்?

கேரி ஸ்டார்க்வெதர் என்னும் பொறியியலறிஞர் நியூயார்க் மாநிலத்தில் வெப்ஸ்டரில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் இக்கருத்தைத் தொடங்கினார். மேலதிகாரிகள் அதை விரும்பவில்லை. 1971-இல் அவர் பாலோ ஆல்டோவுக்கு மாறினார். அவ்வாண்டிலேயே மாதிரிப் பொறி இயங்கியது. 1977-இல் '9700' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. நொடிக்கு இரண்டு பக்கங்களை அச்சிட்ட அப்பொறி நிறுவனத்திற்குப் பெரும் பொருள் ஈட்டித் தந்தது. ஒரே நிறுவனம், ஒரே மையம், ஏறத்தாழ ஒரே காலம். ஒன்று வென்றது, மற்றொன்று தோற்றது. காரணம் யாது?

நகல் பொறி எவ்வாறு வேலை செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மூலத்தாளில் பட்டுத் திரும்பும் ஒளி, மின்னேற்றம் பெற்ற பரப்பில் உருவத்தைப் பதிக்கிறது. அவ்வுருவத்தில் மைப்பொடி ஒட்டுகிறது. பிறகு அது தாளுக்கு மாறுகிறது. லேசர் அச்சுப்பொறியில் மூலத்தாள் இல்லை. கணிப்பொறியின் ஆணைப்படி லேசர் கதிரே உருவத்தை எழுதுகிறது. எஞ்சியது எல்லாம் பழைய நகல் பொறிதான்! அதைச் செய்யத் தொழிற்சாலை இருந்தது. பழுது பார்க்க ஆட்கள் இருந்தனர். விற்போர் பக்கக் கணக்கில் வருவாயைக் கணிக்கப் பழகியிருந்தனர்.

கணிப்பொறிக்கு இந்த வழிகள் எவையும் இல்லை. ஆராய்ச்சியாளர்கள் மேற்குக் கரையில் இருந்தார்கள். தலைமையகமும் நகல் பொறித் தொழிற்சாலைகளும் கிழக்கே இருந்தன. 1981-இல் ஜெராக்ஸ் தன் 'ஸ்டார்' கணிப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவரத்தான் செய்தது. ஆனால் ஒன்றின் விலை 16,000 டாலருக்கும் மேல். ஒன்றை மட்டும் வாங்கியும் பயனில்லை. இணைப்பும் அச்சுப்பொறியும் சேர்த்து வாங்க வேண்டும். எல்லாச் சிறப்புகளும் ஒருங்கே அமைய வேண்டும் என்ற ஆராய்ச்சியாளர்களின் ஆவலுக்கும் இதில் பங்கு உண்டு. குற்றத்தை நிர்வாகிகள் தலையில் மட்டும் சுமத்துவது நேர்மையாகாது.

"அப்படியானால் பழைய வணிகத்துக்குப் பொருந்தும் ஆராய்ச்சியை மட்டும் செய்தால் போதுமே" என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் தவறு. வெப்ஸ்டர் அதிகாரிகளின் விருப்பப்படியே நடந்திருந்தால் லேசர் அச்சுப்பொறியும் பிறந்திராது. முளைக்கும் கருத்துக்கு நிழலும் வேண்டும், விளைந்தபின் சந்தைக்குச் செல்லப் பாதையும் வேண்டும். ஜெராக்ஸ் நிழலைத் தாராளமாகத் தந்தது. பாதையையோ, ஏற்கெனவே இருந்த இடத்தில் பயன்படுத்திக்கொண்டதே தவிர, இல்லாத இடத்தில் உரிய காலத்தில் அமைக்கவில்லை. 2023-இல் அந்த மையத்தையே எஸ்.ஆர்.ஐ. என்னும் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நன்கொடையாக அளித்துவிட்டது.

எனவே, மேதைகளையும் மூடர்களையும் பற்றிய கதை இனி உங்கள் காதில் விழுந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அப்பொருளை யார் செய்வது? யார் விற்பது? யார் என்ன விலைக்கு வாங்குவது? ஆய்வுக்கூடத்தில் பிறக்கும் கருத்து மக்கள் கைக்கு வருமா, வராதா என்பதை இந்த மூன்றுக்கும் கிடைக்கும் விடைகளே முடிவு செய்கின்றன.