பூட்டி வைத்த பதிப்பு எண்

அமெரிக்க மத்திய அரசின் இணையதளங்களும் மென்பொருள்களும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பயன்படணும்னு சொல்றது செக்‌ஷன் 508. தொழில்நுட்பம் வளர வளர விதிகளைத் திருத்தணும்னு 1998 சட்டத்திருத்தத்திலேயே எழுதியிருக்கு. ஆனா 2000 டிசம்பரில் வந்த விதிகள் மாற 2017 ஜனவரி ஆச்சு. ஆலோசனைக் குழு 2008-லேயே அறிக்கை கொடுத்தாச்சு. அப்புறம் 2010-லயும் 2011-லயும் முன்னறிவிப்பு, 2015-ல வரைவு. நடுவுல ஐபோன் வேற வந்துருச்சு.

கருத்து கேட்கணும், செலவுக் கணக்கு போடணும், தாமதமாகும், சரி. என் குறை வேற. புது விதி, டபிள்யூசிஏஜி 2.0 என்ற 2008-ஆம் வருடப் பதிப்பைப் பெயர் சொல்லிப் பூட்டிடுச்சு. அது கட்டாயமானது 2018 ஜனவரியில், ஜூனில் 2.1 வந்தாச்சு. நம்ம புரோகிராம்ல லைப்ரரி வெர்ஷனை மாத்த ஒரு வரி போதும். இங்கே மறுபடி முதல்லேர்ந்து விதியாக்கம். (இத்தனைக்கும் 2.1 பழசை உடைக்கலை, மேலே சேர்த்ததுதான்.)

எழுத்தை 200% பெரிதாக்க முடிந்தால் 2.0-க்குப் போதும். 400% பெரிதாக்கினாலும் பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடியணும்னு கேட்பது 2.1. பார்வை மங்கியவர் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமுமா இழுத்து ஒரு அரசுப் படிவத்தை நிரப்புறதை நினைச்சுப் பாருங்க. அந்தப் படிவம் 508 விதிப்படி தேறிடும்.